பேசாமல் கொடுக்கும் மருந்து

அம்சத்தின் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் விடிவதற்கு முன்னால் வருவார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள், கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஏதோ திருட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அம்சம் மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவள். வலங்கைமானுக்குத் தெற்கே, குடமுருட்டியிலிருந்து பிரிந்து வருகிற ஒரு வாய்க்காலின் கீழ்க்கரையில் அவள் வீடு. வயது ஐம்பத்தேழு. புருஷன் இராஜாங்கம் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு, ஒரு டி.வி., ஒரு கேஸ் அடுப்பு, ஆறு தட்டு, சாப்பிட ஒரே ஆள்.

அந்த மருந்துக்கு ஒரு கட்டு உண்டு. செடியைப் பிடுங்கக் கிளம்புகிற நேரம் தொடங்கி, சீக்காளி மருந்தைக் குடித்து வாசலைத் தாண்டுகிற வரைக்கும் கொடுக்கிறவளும் பேசக்கூடாது, குடிக்கிறவரும் பேசக்கூடாது. பேசினால் பலிக்காது. செடிக்குக் காது இருக்கிறதா, ரோஷம் வருமா என்று யாராவது மடக்கினால் அம்சத்துக்குப் பதில் தெரியாது. இராஜாங்கத்தின் வீட்டில் அப்படித்தான் கொடுத்து வந்தார்கள். அவன் இருந்தவரை அவன் கொடுத்தான். அவன் போன பிறகும் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள்; திருப்பி அனுப்ப மனசு வராமல் இவள் கொடுக்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு கட்டு உண்டு. காசு வாங்கக்கூடாது. யார் வந்து நின்றாலும், பகையாளியே ஆனாலும், இல்லை என்று சொல்லக்கூடாது.

ஏற்கெனவே பேச ஆளில்லாத வீடு. அங்கே வருகிற நாலு பேரும் ஊமையாக வந்து ஊமையாகப் போக வேண்டும் என்றால் இது என்ன நியாயம், சொல்லுங்கள். அம்சம் இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சில நாள் காலையில் ஆள் போன பிறகு, கழுவிய அம்மியைப் பார்த்து, "சரி, நீயாவது பேசு" என்பாள். அவ்வளவுதான் அன்றைக்கு அவள் பேசின பேச்சாக இருக்கும்.

செடி என்னவோ பெரிய சீமைச் செடி இல்லை. கீழாநெல்லிதான். ஒரு சாண் உயரம், மிஞ்சிப் போனால் ஒரு முழம். புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக இலை. ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கடுகு கடுகாகக் காய் வரிசை கட்டித் தொங்கும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். மோர் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். மூன்று நாள் மருந்து. அதற்கு மேல் ஒரு வாரம் உப்பு, புளி, எண்ணெய் எதுவும் ஆகாது. கசப்பு மதியம் வரைக்கும் தொண்டையில் நிற்கும். நீர்க்கடுப்புக்கும் உடம்புச் சூட்டுக்கும்கூட அதே செடிதான். உப்புச் சேர்த்து அரைத்துத் தடவினால் சொறி சிரங்கு அடங்கும்.

இப்போது செல்போனைத் திறந்தால் கீழாநெல்லியைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. ஒருத்தர் தலைமுடிக்கு என்கிறார், ஒருத்தர் சர்க்கரைக்கு என்கிறார், ஒரு பெண் முகத்தில் அப்பிக்கொண்டு சிரிக்கிறாள். அதையெல்லாம் பார்த்து அம்சமும் சிரிப்பாள். கூடச் சிரிக்க ஆளில்லாத சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? போனை அணைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவாள்.

ஐப்பசி மழை நாலு நாள் விழுந்தால் போதும், முன்பெல்லாம் வரப்பு நெடுக முளைத்துக் கிடக்கும். இப்போது களை பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று வரப்புக்கும் சேர்த்துக் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். அடித்த வரப்பில் பிடுங்கிக் கொடுத்தால் காமாலை போகும், ஆளும் போய்விடுவான். அதனால் அம்சம் வயல் பக்கமே போவதில்லை. ஐயனார் கோயில் திடல், பள்ளிக்கூடத்து வேலியோரம், இரண்டே இடம்தான். அங்கே யாரும் மருந்து அடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வாய் பேசாத மருந்துதான் என்றாலும், முதல் நாள் சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்போது பேசலாம். அம்சம் கேட்பாள்: நீர் என்ன நிறம், வெளிக்குப் போவது என்ன நிறம், உடம்பு அரிக்கிறதா, கால் வீங்குகிறதா, குடிக்கிற ஆளா. அரிப்பு இருந்து, வெளிக்குப் போவதும் சுண்ணாம்புக் களிமண் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே பித்தநீர் இறங்குகிற குழாயை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பச்சிலை திறக்காது, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று துரத்திவிடுவாள். குடிகாரனாக இருந்தாலும் அதே துரத்தல்தான். இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னது. பதினோரு வருஷமாகத்தான் அம்சம் இப்படிக் கேட்கிறாள். அதற்கு முன்னால் கேட்டதில்லை. கேட்காததற்கு ஓர் உயிர் போயிருக்கிறது.

போனது ரெத்தினம். அம்சத்தின் கூடப்பிறந்த தங்கை ஈஸ்வரியின் புருஷன். அக்காவைக் கொடுத்த ஊருக்கே தங்கையையும் கொடுத்தால் ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருப்பாள் என்று வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒருத்தியையும் அந்த மேல்கரையில் ஒருத்தியையும் கட்டிவைத்தார்கள். இருக்கத்தான் இருந்தார்கள். நடுவுக்கு ஒரு மதகுப் பாலம். குழம்புக் கிண்ணம் அதன் வழியாகப் போவதும் வருவதுமாக இருக்கும். இராஜாங்கம் போன பிறகு அஞ்சு வருஷம் ஈஸ்வரி தினம் ஒரு தரமாவது வந்து எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை. அவள் மகள் சுடர்விழி பாதி நாள் அம்சத்தின் வீட்டில்தான் தூங்குவாள்.

ரெத்தினத்துக்கு ஒரு மாசி மாதம் கண் மஞ்சளாகிவிட்டது. ஈஸ்வரி அக்காவிடம் ஓடி வந்தாள். அப்போது அம்சத்தின் கை ராசியான கை என்று சுற்றுப்பட்டில் பேச்சு. இவள் மருந்துக்குக் கேட்காத காமாலையே இல்லை என்பார்கள். முதல் நாள் ரெத்தினம் வந்து குடித்துவிட்டுப் போனான். இரண்டாம் நாள் வந்து எதிரில் குந்தினான். மேலெல்லாம் சாராய வாடை. அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சட்டென்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். மேல்கரைப் பக்கம் கண்ணைக் காட்டி, அவளிடம் சொல்லாதே என்று தலையை ஆட்டினான். மருந்து நேரம், பேசக்கூடாது. அம்சம் பேசவில்லை. கரைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாளும் அதே வாடை, அதே கும்பிடு. அன்றைக்கு மதியம் ஈஸ்வரி வந்து, எப்படியக்கா இருக்கு என்று கேட்டபோது, பத்தியத்தைச் சரியாக இருக்கச் சொல்லு, தேறிடும் என்றாள் அம்சம்.

பத்தியமாவது ஒன்றாவது. ஒரு மாசத்தில் வயிறு ஊதி, ரத்தமாக வாந்தி எடுத்து, தஞ்சாவூர் போகிற வழியிலேயே ரெத்தினம் போய்விட்டான்.

எழவு வீட்டில் அம்சம் தங்கையைக் கட்டிக்கொண்டு அழப் போனாள். ஈஸ்வரி அவளைப் பிடித்துத் தள்ளினாள். ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது. "இவ குடுத்த பச்சிலதான் எம் புருஷனைக் கொன்னுடுச்சு. இவ கை வெளங்காது" என்று மண்ணை வாரித் தூற்றினாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு வருஷம் அம்சத்தின் வாசலுக்கு ஒரு நோயாளி வரவில்லை. அப்புறம் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். ஈஸ்வரி மட்டும் வரவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகை தெரிகிற தூரம்தான். ரேஷன் கடையில் ஒருத்தி வரிசையில் நின்றால் மற்றவள் சர்க்கரை வாங்காமலே திரும்பிவிடுவாள். நூறு நாள் வேலையில் ஒருத்தி ஏரிக்கரையின் இந்த முனை என்றால் இன்னொருத்தி அந்த முனை. சுடர்விழி சென்னையில் வேலைக்குப் போனதும், அவளுக்குக் கல்யாணம் பேசி ஒத்திப்போனதும் அம்சத்துக்கு மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரியும். பதினோரு வருஷம். ஊர் என்னமோ ஈஸ்வரி ஆத்திரத்தில் அபாண்டமாகப் பேசிவிட்டாள் என்று இப்போது அம்சத்துக்காகப் பரிந்து பேசுகிறது. அந்தப் பரிவுதான் அம்சத்தைக் குத்தும். ரெத்தினம் கும்பிட்ட கும்பிடு அவளுக்கு மட்டும்தானே தெரியும்? தங்கை சொன்னதில் பாதி நிஜம் என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இப்படி இருக்கையில் இந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஈஸ்வரி கையில் மோர்த் தூக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

முதல் நாள் சாயங்காலம் வந்து சொல்லவில்லை. நேரே விடியற்காலையில் வந்துவிட்டாள். வேறு ஒருத்தருக்காகப் பிடுங்கிவந்த செடி கையில் இருந்ததால் அம்சமும் பேச முடியாது. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கண் இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அம்சத்தின் கையிலிருந்த குழவி அம்மி ஓரத்தில் இடித்துக்கொண்டது. அரைத்தாள். மோரில் கரைத்தாள். ஈஸ்வரி இரண்டு கையாலும் வாங்கி, முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் அம்சம் வாசலிலேயே நின்றாள். அப்புறம் உள்ளே வந்து சத்தமாக அழுதாள். சந்தோஷம்தான், வேறென்ன? கொன்ற கை என்று சொன்னவள் அதே கையால் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் மேல்கரைக்குப் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்க வேண்டும். பாலம் வரைக்கும் போனாள். அங்கிருந்து ஈஸ்வரி வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். நாம் போய் நிற்க, அவள் பழையபடி கதவைச் சாத்திவிட்டால்? மருந்து நேரத்தில் வருகிறாளே, அது போதும் என்று இருந்தது.

இரண்டாம் நாள் ஈஸ்வரி டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது முந்தானை விலகியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சொறிந்த தடம், நகம் பட்டுக் காய்ந்த ரத்தக் கீறல். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இது பச்சிலைக்கு அடங்குகிற காமாலை இல்லை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு மதியமே வீடு தேடிப் போய், கிளம்பு தஞ்சாவூருக்கு என்று விரட்டியிருப்பாள். ஈஸ்வரி குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். வேறு எந்த நோயாளியும் டம்ளரைக் கழுவி வைப்பதில்லை. அந்த ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டே அம்சம் வாயை மூடிக்கொண்டாள்.

சொன்னால் நாளைக்கு வரமாட்டாள். அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் பூசி மெழுக ஒன்றுமில்லை. ஒரு மனுஷி பதினோரு வருஷம் தனியாகக் கிடந்தால் அவள் புத்தி இப்படித்தான் போகும் என்று நாம் வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அம்சம் அந்தச் சமாதானத்தைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு நாள்தானே, மூன்றாம் நாள் மருந்து முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினாள். மூன்றாம் நாளும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஈஸ்வரி வரமாட்டாள் என்று தெரிந்தும் செடியைப் பிடுங்கி வைத்திருந்தாள். மூன்று நாள் மருந்து என்று ஊருக்கே தெரியும், அக்கா வீட்டு மருந்து ஈஸ்வரிக்குத் தெரியாதா? ஆனாலும் நாலாம் நாளும் ஈஸ்வரி வந்தாள். அம்சமும் கரைத்துக் கொடுத்தாள். கண்ணின் மஞ்சள் இன்னும் கெட்டியாகியிருந்தது.

சனிக்கிழமை, அஞ்சாம் நாள். ஈஸ்வரி படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஒரு கை தன்போக்கில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. அம்சம் மருந்தைக் கரைத்து டம்ளரை நீட்டினாள். தங்கை வாங்குவதற்குள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வெளிக்குப் போறது என்ன நெறத்துல இருக்கு?"

பதினோரு வருஷம் கழித்துக் கூடப்பிறந்தவளிடம் பேசின முதல் பேச்சு இதுதான். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். இராஜாங்கம் வீட்டு மருந்தில் யாரும் அதுவரைக்கும் கட்டை மீறினது இல்லை.

"பேசிட்டியேக்கா. மருந்து பலிக்காதே."

"பலிக்கிற சீக்கா இருந்தாத்தானே. கேட்டதுக்குச் சொல்லு."

"வெள்ளையாத்தான் போவுது. பதினஞ்சு நாளாச்சு."

அம்சம் மருந்தை வாசலில் கொட்டினாள். எழுந்திரு, இப்பவே கிளம்பு, மேல்கரையில் ஆட்டோவைக் கூப்பிடுகிறேன் என்று பதறினாள். ஈஸ்வரி அவள் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்புறம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். கும்பகோணத்தில் போன வாரமே ஸ்கேன் எடுத்தாயிற்று. பித்தக் குழாயை ஏதோ அடைத்திருக்கிறது. கல்லா கட்டியா என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை தஞ்சாவூரில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சுடர்விழி சென்னையிலிருந்து நேரே அங்கே வந்துவிடுவாள்.

"எல்லாம் தெரிஞ்சுமா? அப்பறம் எதுக்குடி இந்தக் கசப்பைக் குடிக்க வந்தே?"

ஈஸ்வரி வாசலைப் பார்த்தாள். வெளியே லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது. பால்காரன் மணி கேட்டது.

"அன்னைக்கு ஊருக்கு முன்னால உன் கை வெளங்காதுன்னு சொன்னேன்ல. குடிச்சுக் குடிச்சு அழிஞ்சது அவரு. கோவத்துல உன் மேல போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குள்ள போயி நான் திரும்பி வருவேனோ மாட்டேனோ, தெரியல. அந்தச் சொல்லை எடுக்க எனக்கு வாயி வரல. உன் கையால வாங்கிக் குடிச்சா ஊரு பாக்கும்ல? நீயும் பாப்பேல்ல? சும்மா வந்தா என்னாத்துக்கு வந்தேன்னு கேப்பே. சீக்குன்னு வந்தா நீ இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல."

இதைக் கேட்கத்தானே அம்சம் பதினோரு வருஷம் காத்துக் கிடந்தாள். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து எத்தனை நாள் இந்தப் பேச்சைத் தங்கை வாயில் தானே போட்டுப் பேசிப் பார்த்திருக்கிறாள். இப்போது தலையை ஆட்டினால் போதும். விடுடி, பழசையெல்லாம் எதுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். ரெத்தினம் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. முழுப் பூசணிக்காயைப் பதினோரு வருஷம் சோற்றில் மறைத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் மறைப்பது கஷ்டமா?

ஆனால் சாகப் பயந்து வந்திருக்கிறவளிடம் பொய்யான மன்னிப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ள அம்சத்தால் முடியவில்லை.

"நீ சொன்னது பொய் இல்லடி" என்றாள்.

ஈஸ்வரி புரியாமல் பார்த்தாள். அம்சம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டாம் நாளு வரும்போதே அவரு குடிச்சிருந்தாரு. மூணாம் நாளும் குடிச்சிருந்தாரு. உங்கிட்டச் சொல்லிடாதேன்னு என்னையக் கையெடுத்துக் கும்புட்டாரு. மருந்து நேரத்துல பேசக்கூடாதுன்னு இருந்தேன். சரி, மதியானம் நீ வந்து கேட்டப்ப சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. எம் மருந்து எடுக்காமப் போச்சுன்னா எம் பேரு கெட்டுடுமேன்னு இருந்துட்டேன். இப்பவும் அப்படித்தான். ரெண்டாம் நாளே உன் கையில சொறிஞ்ச தடத்தைப் பாத்தேன். கேட்டா நீ மறுநாளு வரமாட்டியேன்னு கேக்கல."

ஈஸ்வரியின் முகம் மாறவில்லை. சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். அப்புறம் தூக்கை எடுத்து, மிச்ச மோரை அதிலேயே ஊற்றிக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"ஒரு மாசம் இருந்துச்சேக்கா" என்றாள். "அந்த ஒரு மாசத்துல அவரைத் தோள்லயாவது தூக்கிட்டுப் போயிருப்பேனே."

அவள் பாலத்தைத் தாண்டுவதைப் பார்க்க அம்சம் வாசலுக்குப் போகவில்லை. அம்மியை இரண்டு தரம் கழுவினாள். மூன்றாம் தரமும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் கரைதொட்டு ஓடியது. மேல்கரையில் அடுப்புப் புகை தெரிகிறதா என்று அம்சம் பத்துத் தரம் எட்டிப் பார்த்தாள். மத்தியானம் ஒரு வாய் சோறு வைத்துப் பார்த்தாள், இறங்கவில்லை. டி.வி.யைப் போட்டாள், அணைத்தாள். தனியாக இருப்பது அவளுக்குப் பழகினதுதான். அன்றைக்கு அது பழகாத தனிமையாக இருந்தது. இத்தனை நாள் ஈஸ்வரி தப்பாக நினைத்துக்கொண்டு வரவில்லை. இனிமேல் சரியாகத் தெரிந்துகொண்டு வரமாட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. தோன்றியதற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் நல்லூர்ப் பக்கத்திலிருந்து உத்திராபதி என்று ஒருவர் குடையோடு வந்தார். தன் மருமகளுக்குக் காமாலை, நாளைக்கு விடியற்காலை அழைத்துவரலாமா என்று கேட்டார். அம்சம் வழக்கமான கேள்விகளையெல்லாம் கேட்டாள். பச்சிலைக்கு அடங்குகிற நோய்தான் என்று தெரிந்தது. ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு நான் இருக்கமாட்டேன், நாளைத் தள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள் என்றாள். எத்தனை நாளைக்கு ஊரில் இருக்கமாட்டீங்க என்று அவர் கேட்டார். அவள் அவர் குடையை எடுத்து நீட்டினாள். பச்சிலைக்கு அடங்குகிற நோய்க்கு அந்த வீட்டு வாசலில் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை பாபநாசம் போகிற முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. அம்சம் ஆறு மணிக்கே நிறுத்தத்தில் வந்து நின்றாள். இரண்டு சேலை, ஒரு போர்வை, ஒரு டம்ளர், எல்லாம் ஒரு மஞ்சள் பையில். ஈஸ்வரி ஆறரைக்கு வந்தாள். தோளில் ஒரு பெரிய பை, கையில் ஸ்கேன் கவர். அக்காவைப் பார்த்தாள். பார்த்தது மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. நிறுத்தத்தின் அந்த மூலையில் போய் நின்றுகொண்டாள். திரும்பிப் போ என்று சொல்லாததே பெரிசு என்று அம்சம் இந்த மூலையில் நின்றாள்.

பஸ் வந்தது. காலை நேரம், பாதி பஸ் காலி. ஈஸ்வரி முன்பக்கமாக ஏறி, இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டாள். அம்சம் பின்பக்கமாக ஏறி, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, தங்கையின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஈஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நடவு முடிந்த சம்பா வயலில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

கண்டக்டர் வந்து ஆளுக்கொரு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "எடமெல்லாம் சும்மாதானே கெடக்கு, உக்காருங்கம்மா" என்றார். பரவாயில்லைங்க என்றாள் அம்சம். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. இன்னொரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது அம்சத்தின் கால் தடுமாறியது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எந்தச் சீட்டிலும் உட்கார அவளுக்கு மனசில்லை. பாபநாசம் வரைக்கும், அப்புறம் தஞ்சாவூர் வரைக்கும், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் ஆனாலும் அத்தனை நாளும் இப்படியே நிற்க அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியது. ஈஸ்வரி முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்சம் உட்கார்ந்தாள்.